பிரபா கடை மாத்திரை

கூட்ரோடு மெடிக்கல் கடையில் என் போட்டோ மாட்டியிருந்தது. மாலை ஒன்றுதான் பாக்கி. கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் நான் முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். கீழே என் பேர், பிரபாவதி. அதற்கும் கீழே பார்மசி கவுன்சில் கொடுத்த பதிவு எண். கடை சிவராமுடையது. மருந்து எடுத்துக் கொடுப்பவரும் அவர்தான். நான் அந்தக் கடைக்கு மொத்தமே மூன்று தடவை போயிருக்கிறேன். சட்டம் மாட்டின அன்றைக்கு ஒரு தடவை. மருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று வெள்ளைக் கோட்டு போட்டு நிற்கவைத்தபோது ஒரு தடவை. மூன்றாவது தடவை போனதைத்தான் சொல்லப்போகிறேன்.

மருந்துக்கடை என்றால் படித்த பார்மசிஸ்ட் ஒருவர் உள்ளே நின்று, சீட்டைப் பார்த்து, மருந்து கொடுக்க வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நடப்பது என்னவென்றால், பார்மசிஸ்ட்டுக்குப் பதில் அவருடைய சர்டிபிகேட் நிற்கும். நான் டிப்ளமா முடித்துவிட்டு அரசாங்க வேலைக்குக் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய், மறைமலைநகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவராம் அரைக்கிலோ மைசூர்பாக்கோடு வீட்டுக்கு வந்தார்.

"சர்டிபிகேட்டு பொட்டில தூங்கிகினு கீது பாப்பா. என் கட செவுத்துல தூங்கட்டுமே. உனுக்கு இன்னா நஷ்டம்?"

எங்கள் மேட்டுக் காலனியில் பார்மசி படித்த முதல் ஆள் நான். அந்தக் கூட்ரோட்டில் எங்கள் ஜனங்கள் கடை வாசலுக்கு வெளியே நின்று கைநீட்டிச் சாமான் வாங்கிய காலத்தை அப்பா பார்த்திருக்கிறார். அங்கே தன் பெண்ணின் போட்டோ சுவரேறப் போகிறது என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யோக்கியம் பேச எனக்கு வாய் கிடையாது.

அதற்குப் பிறகு காலனியில் அந்தக் கடைக்கு 'பிரபா கடை' என்றே பேராகிவிட்டது. திருக்கழுக்குன்றம் போய் மருந்து வாங்கினவர்கள்கூட இங்கே திரும்பினார்கள். தலைவலியா, வயிற்றுப்போக்கா, பிரபா கடை. ஆளில்லாத கடையில் என் போட்டோ ஒன்றரை வருஷம் வைத்தியம் பார்த்தது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். அந்த மூட்டுவலிக் காய்ச்சல் வந்த வருஷத்தை யார் மறப்பார்கள்? வீட்டுக்கு இரண்டு பேர் குனிந்துகொண்டு நடந்தார்கள். மாமல்லபுரம் ரோட்டுக் கல் பட்டறைகளில் உளிச் சத்தம் குறைந்துபோனது. கொசு மருந்து அடிக்கிற வண்டி ஒரே ஒரு தடவை வந்து, ரோட்டோடு புகை விட்டுவிட்டுப் போனது. காலனி மேட்டில் ஏற அதற்கு மனசில்லை.

எதிர்வீட்டு பிரிசில்லா அண்ணி கல் பட்டறையில் பாலிஷ் வேலை பார்த்தாள். ஆண்கள் சிலையைச் செதுக்கி முடித்த பிறகு, தண்ணீர் விட்டு விட்டு உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவது பெண்கள் வேலை. ஒரு பிள்ளையாரின் தொந்திக்கு முழுசாக ஒரு நாள். காய்ச்சல் வந்ததும் அவளுக்கு விரல் மடங்கவில்லை. பட்டறையில் ஏற்றுமதி ஆர்டர் நின்றது. வேலைக்கு வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள். மாமியார் கன்னியம்மா கூட்ரோட்டுக்கு நடந்து போய் 'மூட்டுவலி செட்டு' வாங்கி வந்தாள்.

செட்டு என்றால் தெரியுமில்லையா? சீட்டும் கிடையாது, டாக்டரும் கிடையாது. "காச்சலுக்கு ஒரு செட்டு குடு" என்றால் நாலு ஜாடியிலிருந்து நாலு மாத்திரையை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். வேளைக்கு ஒரு பொட்டலம். எது எதற்கு என்று விழுங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் பாதிதான் தெரியும்.

பிரிசில்லா அண்ணியின் புருஷன் ஏசுபாதமும் நானும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள். இரண்டு நாளாக அவர் ஸ்டாப்பிங்குக்கு வரவில்லை. மூன்றாம் நாள் காலை நான் கிளம்பும்போது பார்த்தால் அவர்கள் வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளே சுவரில் ஏசு படம் இருக்கும், வாசலில் வேப்பிலையும் இருக்கும். கன்னியம்மா இரண்டையும் விடமாட்டாள்.

"உள்ள வராத பிரபா. அம்ம போட்டுக்கீது அவளுக்கு. நீ கம்பனிக்குப் போறவ."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மழை பெய்து தரை ஓதமேறியிருந்தது. பாயில் பிரிசில்லா அண்ணி படுத்திருந்தாள். உதடு முழுக்கக் கறுத்துப் பொருக்குத் தட்டியிருந்தது. இமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர் கொடுக்கலாம் என்று தோளைத் தாங்கித் தூக்கினேன். தோல் என் கையோடு வந்தது. அம்மைக் கொப்புளம் இப்படி இருக்காது என்று எனக்குத் தெரியும். படித்த இரண்டு வருஷப் படிப்பும் அந்த நிமிஷம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"பெரிம்மா, இன்னா மாத்திர குடுத்த?"

"வேற இன்னாத்த குடுப்பேன்? உன் கட மாத்திரதான்."

"அம்மன்னு நீயே சொல்ற. அம்மைக்கு யாராச்சும் மாத்திர குடுப்பாங்களா?"

"குடுக்கக்கூடாதுதாண்டி, எனுக்குத் தெரியாதா? ஆத்தா வந்துக்கீற வூட்ல மருந்துன்ற பேச்சே எடுக்கக்கூடாது. வேற கட மாத்திரையா இருந்தா தூக்கிக் கடாசியிருப்பேன். இது நம்ம பிரபா கடதானே. நம்ம பொண்ணு படம் மாட்டிக்கினு குந்திக்கீது. கெடுதலா குடுக்கமாட்டாங்கன்னு வேளா வேளைக்குக் குடுத்துகினு வந்தேன். முழுங்க முடியல அவளால. காலைல கஞ்சில கரைச்சி ஊத்தினேன்."

அந்தக் கிழவியின் ஒரு நம்பிக்கை மருமகளைக் காப்பாற்றியிருக்கும். என் போட்டோ குறுக்கே வந்து அதைக் கெடுத்தது.

ஏசுபாதம் அண்ணன் மீன் ஏற்றுகிற வேனைப் பிடித்து வந்தார். செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மீரா என்று ஒரு டாக்டர், என்னைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். பார்த்ததும் துணியை எல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டு, தோல் ஒட்டாமலிருக்க வாழை இலை வரவழைத்து, அதன்மேல் அண்ணியைப் படுக்கவைத்தார். பிறகு எங்களிடம் வந்து கேட்டார்.

"என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?"

மிச்சமிருந்த ஒரு பொட்டலத்தை அண்ணன் நீட்டினார். ஏதோ பள்ளிக்கூடப் பரீட்சைத் தாளில் மடித்தது. பிரித்தால் நாலு மாத்திரை. ஒன்று மஞ்சள், ஒன்று சின்ன வெள்ளை, ஒன்று பாதியாக உடைத்தது, ஒன்று நடுவில் கோடு போட்ட பெரிய வெள்ளை. எதிலும் ஓர் எழுத்துக் கிடையாது.

"பேரு?"

"செட்டு, மேடம்."

"செட்டுன்னு ஒரு மருந்து இல்லைங்க." அவர் குரலை உயர்த்தவில்லை, ஆனால் முகம் சிவந்துவிட்டது. "இதுக்கு முன்னாடி எந்த மாத்திரையாவது இவங்களுக்கு ஒத்துக்காம போயிருக்கா?"

அண்ணன் யோசித்தார். "கல்யாணத்துக்கு முந்தி ஒருவாட்டி வயித்தால போச்சின்னு மாத்திர போட்டாளாம். ஒதடெல்லாம் புண்ணாப் பூட்ச்சாம். இப்பக்கூட அந்த எடம் கறுப்பா இருக்கும் மேடம்."

"அப்ப அந்த மாத்திரை பேரை யாரும் எழுதித் தரலையா?"

"இன்னாத்த எயுதுவாங்க? சூடுன்னு சொன்னாங்க. எளநி குடிச்சா, செரியாப் பூட்ச்சு."

டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"சல்ஃபாவா இருக்கும்னு சந்தேகப்படறேன். எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. ஆனா எதுன்னு உறுதியாத் தெரியணும். தெரியாம இவங்க பொழச்சு வீட்டுக்குப் போனா, அடுத்த காய்ச்சலுக்கு இன்னொரு கடையில அதையேதான் மடிச்சுக் குடுப்பான். அடுத்த தடவை உடம்பு தாங்காது. அது மட்டுமில்ல, இதே பொட்டலம் உங்க ஊர்ல இன்னும் எத்தனை வீட்ல இருக்கு?"

அப்புறம் அலமாரியிலிருந்து ஒரு ஃபாரம் எடுத்தார். மருந்து யாருக்காவது கெடுதல் செய்தால் எழுதி அனுப்ப நாட்டில் இப்போதுதான் ஓர் ஏற்பாடு தொடங்கியிருக்கிறது என்றார். இங்கிருந்து பெரிய சென்டருக்கு, அங்கிருந்து டெல்லிக்கு. நாலு ஊரிலிருந்து ஒரே மருந்தைப் பற்றி எழுதி வந்தால்தான் அங்கே யாராவது நிமிர்ந்து பார்ப்பார்கள். டாக்டர் எழுதலாம், நர்ஸ் எழுதலாம், பார்மசிஸ்ட் எழுதலாம்.

நான் அந்த ஃபாரத்தைப் பார்த்தேன். மருந்தின் பெயர். தயாரித்த கம்பெனி. பேட்ச் நம்பர். காலாவதித் தேதி. எனக்குச் சிரிப்பு வந்தது, வயிற்றெரிச்சலில் வருகிற சிரிப்பு. கம்பெனி ஸ்டோர்ஸில் நான் நாள் முழுக்க என்ன செய்கிறேன்? சுண்டுவிரல் அளவு போல்ட்டுக்கு லாட் நம்பர் எழுதுகிறேன். எந்தத் தேதியில் வந்தது, எந்த மெஷினுக்குப் போனது, எல்லாம் கார்டில் இருக்கும். ஒரு போல்ட் உடைந்தால் அந்த லாட் முழுவதையும் அன்றைக்கே திருப்பி எடுத்துவிடுவோம். காருக்குப் போகிற போல்ட்டுக்கு அவ்வளவு மரியாதை. என் ஜனங்களின் தொண்டைக்குள் போகிற மாத்திரைக்குப் பரீட்சைத் தாள்.

"நான் பார்மசிஸ்ட்தான் டாக்டர். பேரு நான் கொண்டு வரேன்" என்றேன். எந்தக் கடை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மத்தியானம் நல்ல மழை. நானும் அண்ணனும் கூட்ரோட்டில் இறங்கினபோது கடைமுன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிவராம் பரீட்சைத் தாளைக் கிழித்துக் கிழித்து மடித்துக்கொண்டிருந்தார்.

"அட, பாப்பா! ஒரு போன் போடக்கூடாதா? இன்ஸ்பெக்டர் எவனாச்சும் வரானா இன்னா?"

"மூட்டுவலி செட்ல இன்னா இன்னா போட்ற?"

"அத்தக் கேட்டு இன்னா பண்ணப் போற?"

அண்ணன் முன்னால் வந்தார். மழையில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். "எம்பொண்டாட்டி தோலு உரிஞ்சி வாய எலைல பட்த்துகினு கீறா, அண்ணாத்த. உன்ன ஒண்ணும் பண்ண வரல நானு. மாத்திர பேரச் சொல்லு, போய்க்கினே இருக்கேன்."

"ஐயையோ, பாவமே. ஆனா ஏசு, நீயே சொல்லு. ஒரு நாளைக்கு நூறு செட்டு குடுக்கறேன். தொண்ணூத்தொம்போது பேரு எயிந்து வேலைக்குப் போறான். ஒர்த்திக்கு ஒடம்பு ஒத்துக்கல. அதுக்கு மாத்திர மேல பழி போட்றதா?"

"பேரு இன்னா?"

"மொத்தமா டப்பாவுல வர்றது. பேரெல்லாம் யாரு மனப்பாடம் பண்ணிகினு கீறாங்க?"

நான் கவுன்டர் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைந்தேன். கோடு போட்ட பெரிய வெள்ளை மாத்திரை மூன்றாவது ஜாடியில் இருந்தது. கீழ்த்தட்டில் ஆயிரம் மாத்திரை டப்பாக்கள் மூன்று, மருந்து தீர்ந்து கிடந்தன. ஒன்றில் உளுந்து போட்டு வைத்திருந்தார்கள். கவிழ்த்து லேபிளைப் பார்த்தேன். சல்ஃபா. டாக்டர் சந்தேகப்பட்டதே. கிருமியைக் கொல்லக் கொடுப்பது, மூட்டுவலிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மூன்று டப்பாவில் மூன்று பேட்ச் நம்பர்.

"இந்த ஜாடில எந்த டப்பா மாத்திர கீது?"

"தீரத் தீரக் கொட்றதுதான். அடில பழசு, மேல புச்சு. ஏன், இன்னா இப்ப?"

"வலிக்காச்சலுக்கு எதுக்கு இத்தப் போட்ட?"

"நாலு மாத்திர இருந்தாத்தான் ஜனத்துக்கு செட்டுன்னு தோணும். மூணு குடுத்தா பத்தலன்றான்."

அதுதான் காரணம். எண்ணிக்கைக்காக ஒன்று. அந்த ஒன்றுதான் அண்ணியின் தோலை உரித்தது. ஜாடியைத் தூக்கி அவன் தலையில் உடைத்திருப்பேன். இதற்குமேல் அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத என்னால் முடியாது.

"எழுதி அனுப்பப் போறேன்" என்றேன். "மருந்து பேரு, கட பேரு, எல்லாத்தியும்."

சிவராம் மடித்த பொட்டலத்தை நிதானமாகக் கீழே வைத்தான். "எயுது பாப்பா. நல்லா எயுது. இந்தக் கடைல மருந்து குடுக்கற பார்மசிஸ்ட் யாரு? செவுத்தப் பாரு. சிவராம்னா போட்டுக்கீது? நான் யாவாரி. லைசென்சுல கீறது உன் நம்பரு. மாட்டினா மொதல்ல நீதான் மாட்டுவ. உங்கப்பன் மைசூர்பாக் துன்ட்டு தலையாட்டினானே, அவனாண்ட போய்க் கேளு."

அவன் சொன்னது நிஜம். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. அவன்மேல் வந்ததைவிட என்மேல் வந்தது. ஒன்றரை வருஷமாக இந்தச் சுவரில் நின்று சிரிக்கக்கூடச் சிரிக்காமல் நான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கன்னியம்மா பெரியம்மாவுக்கு நானேதான் மடித்துக் கொடுத்த மாதிரி. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். ஆணி துருப்பிடித்திருந்தது. சட்டத்தை இழுத்த இழுப்பில் காரையோடு வந்தது.

"ஏய், இன்னா பண்ற நீ? எறங்கு!" என்று கத்தினான்.

"என் மூஞ்சிய நான் எடுத்துகினு போறேன்."

வெளியே நின்றவர்களில் ஒரு பெரியவர் சலித்துக்கொண்டார். "ஏம்மே, நிக்க முடியலம்மே. எங்களுக்கு செட்டக் குடுத்துட்டு அப்பால சண்ட போடுங்களேன்."

நான் காலி டப்பாக்களையும் சட்டத்தையும் இடுக்கிக்கொண்டு இறங்கினேன். அவர்களிடம் திரும்பிக் கத்தினேன், தொண்டை கிழிய. இது மருந்தில்லை, வாங்காதீர்கள், பிரிசில்லாவுக்குத் தோல் உரிந்துவிட்டது என்று. இரண்டு பேர் போனார்கள். மற்றவர்கள் நின்றார்கள். வலி அப்படி. யாரைச் சொல்லி என்ன?

சாயங்காலம் காலனியில் வீடு வீடாக ஏறி இறங்கினோம். பொட்டலத்தைக் கேட்டால் கொடுப்பார்களா? செல்லம்மா அக்கா முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இந்த செட்டு போட்டப்பறம்தாம்மா எயிந்து நாஸ்தா பண்ணேன் நானு. இத்தயும் புடுங்கிகினு போனா நீயா வந்து எனுக்கு சோறாக்குவ?"

"அக்கா, இதுல ஒண்ணு பிரிசில்லா அண்ணி உயிருக்கு வந்துட்ச்சு."

"அவ ஒடம்பு அப்டி. எனுக்குக் கேக்குதே! உன் படத்தப் பாத்துத்தானே வாங்கினோம். இப்ப நீயே வந்து விஷம்னா நாங்க யாரத்தாண்டி நம்பறது?"

பெரிய வெள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டியிருந்தது. அந்தப் பாதி மாத்திரையும் வேண்டாத வேலைதான், வலியை மறைத்து ஆளை நடமாடவைக்கிற ஸ்டீராய்டு. எதையென்று பிடுங்குவேன்? கன்னியம்மா மட்டும் தன் வீட்டு அடுக்குப் பானையைக் கவிழ்த்து, மிச்சம் மீதி எல்லாவற்றையும் என் முன்னால் கொட்டினாள். கொட்டிவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "எங்கையால கரைச்சி ஊத்தினேனேடி" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள்.

அப்பா வீட்டில் உட்கார்ந்திருந்தார். காரை ஒட்டிய சட்டத்தைப் பார்த்தார். "எயுதினா உன் சர்டிபிகேட்டு பூடுமா?" என்று மட்டும் கேட்டார். போகலாம் என்றேன். அவர் கருவாட்டுக் குழம்பை எனக்கு ஊற்றிவிட்டு, தான் சாப்பிடாமல் எழுந்து போனார்.

ஆறாம் நாள் அண்ணிக்குப் பேச்சு வந்தது. உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர் மீரா. கண் எவ்வளவு தேறும் என்று இப்போது சொல்ல முடியாதாம். வலது கண்ணில் இமை உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சல்ஃபா ஆகாது என்று பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி, கயிறு கோத்து அண்ணனிடம் கொடுத்திருந்தார். இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதைக் காட்ட வேண்டும். கல்யாணத்துக்கு முந்தியே எவனாவது எழுதிக் கொடுத்திருக்க வேண்டிய அட்டை.

நான் கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஃபாரத்தை நிரப்பினேன். பேட்ச் நம்பர் என்ற இடத்தில் மூன்று எண்ணையும் எழுதி, 'மூன்றும் ஒரே ஜாடியில் கலந்திருந்தன, எது என்று தெரியாது' என்று எழுதினேன். கடைசியில் கூடுதல் விவரத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். 'டாக்டர் சீட்டு இல்லை. மருந்து வழங்கிய பார்மசிஸ்ட்: பிரபாவதி. வழங்கிய நேரத்தில் அவர் மறைமலைநகரில் போல்ட் எண்ணிக்கொண்டிருந்தார்' என்று எழுதினேன். டாக்டர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதை இப்படியே அனுப்பணுமா? இந்த ஃபாரத்துல யார் தப்புன்னு கேக்கலை. மருந்தைப் பத்தித்தான் கேக்கறாங்க."

"யாராச்சும் கேக்கணும் டாக்டர்" என்றேன்.

அவர் போன பிறகு அண்ணி தலையைத் திருப்பினாள். கண்மேல் ஈரப் பஞ்சு வைத்திருந்தது.

"யாரு, பிரபாவா? இன்னா எயுதிகினு கீற?"

"நடந்தத எழுதறேன் அண்ணி. டெல்லிக்குப் போவும்."

"டெல்லிலேர்ந்து யாராச்சும் வருவாங்களா?"

"தெரியல."

"பட்டறைல வேற ஆளப் போட்டாங்களாமே."

நான் அவள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லைத் தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போயிருந்த தோல் முழுசாகப் போய், கீழே புதுசாகச் சிவந்திருந்தது.

"உன் படத்தக் கயட்டிட்டியாமே. மாமியா சொல்லிச்சு."

"கயட்டிட்டேன் அண்ணி."

உதடு அசையும்போது வலித்திருக்க வேண்டும், மெதுவாகத்தான் சொன்னாள். குரலில் கோபமே இல்லை.

"முன்னாடியே கயட்டியிருந்தீன்னா, மாமியா வேப்பிலையோட நிறுத்தியிருக்கும்."

ஃபாரத்தில் ஓர் இடம்தான் பாக்கி இருந்தது, எழுதுகிறவரின் பதிவு எண். மனப்பாடமாகத் தெரிந்த எண்தான். இரண்டு தடவை தப்பாக எழுதி அடித்துவிட்டு, மூன்றாவது தடவை சரியாக எழுதினேன்.